கடவம் ஏறாத வண்டி

ஒரு ஊருக்கு பஸ் வரவேண்டுமென்றால் மூன்று காரியங்கள் கூடி வரவேண்டும். சக்கரம் புதையாத தரை வேண்டும். வந்த வண்டி திரும்பிப் போக ஒரு களம் அளவுக்கு வெறும் இடம் வேண்டும். ஏறுவதற்கு ஆள் வேண்டும். முதல் இரண்டையும் மண்வெட்டி கொண்டு உண்டாக்கிவிடலாம். மூன்றாவதை அப்படி உண்டாக்க முடியாது. குன்னுவிளைக்காரர்களுக்கு இது புரிந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருஷம், சென்சஸ் எடுத்துப்போன பிறகு.

தக்கலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் சாலை ஆறு மைல் வந்து குன்னுவிளையில் நின்றுவிடும். அங்கே ஒவ்வொரு வீடும் தன் தென்னைக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் நடுவில் தனித்தனியாக இருக்கும். ஒரு வீட்டில் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. ஊர் பார்வைக்குப் பெரிது, எண்ணிப் பார்த்தால் அறுநூறு பேர்தான். அங்கிருந்து இரண்டு மைல் மணலில் நடந்தால் ஆனித்துறை. கடலுக்கும் பிறத்தியார் தோப்புக்கும் நடுவே ஒரு ரிப்பன் போலக் கிடக்கும் மணல்மேட்டில், ஒரு கூரையின் ஓலை அடுத்த கூரையை உரசும்படி வீடுகள். மீன்பிடிக்கிறவர்களுக்கு அதற்கு மேல் நிலம் கிடையாது. பிள்ளைகள் பெருகப் பெருக வீடுகள் நெருங்கிக்கொண்டன, அவ்வளவுதான். கண்ணுக்குச் சின்னத் துறை, ஆனால் அங்கே ஆயிரத்து நானூறு பேர் இருந்தார்கள்.

குன்னுவிளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த குமாரதாஸ் நாகர்கோவிலுக்குப் போய் பஸ் முதலாளி நாராயணபெருமாளைப் பார்த்தான். முதலாளி கணக்கைப் பொறுமையாக விளக்கினார். வண்டி நிறைந்து ஓடினாலும் காலியாக ஓடினாலும் பெட்ரோல் ஒரே அளவுதான் எரியும். வழியில் இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டே போக, கடைசி மைல்களில் வண்டி காலியாகத்தான் ஓடும். ஆகவே கடைசி ஊர் பெரிய ஊராக இருக்கவேண்டும். பாதையின் வாலில்தான் ஜனம் வேண்டும், நடுவில் அல்ல. அறுநூறு பேர் உள்ள ஊரை வாலாக வைத்துக்கொண்டு பஸ் விடுகிறவன் இரண்டே மாதத்தில் பஸ்ஸை விற்றுவிடுவான்.

குமாரதாஸ் திரும்பி வந்து, அதுவரை மீன் வாங்கக்கூடப் போயிராத ஆனித்துறைக்கு நடந்தான். மீன் அவன் வீட்டு வாசலுக்கே வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தவள் வியாகுலம்மாள்.

வியாகுலத்துக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஆனித்துறையிலிருந்து தக்கலைச் சந்தைக்கு மீன் சுமக்கும் பெண்களில் முன்னால் ஓடுகிறவள் அவள்தான். ஓடுகிறவள் என்று சொல்வது பேச்சுக்காக அல்ல. அந்தப் பெண்கள் நடப்பதில்லை. கரமடி வலை கரையேறி, ஏலம் முடிந்து, மீன் கடவம் என்ற பனையோலைக் கூடைக்குள் விழும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். சாளை மீனுக்கு ஆயுள் கொஞ்சம். உச்சிக்கு முன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் அது மீன், பிந்தினால் தென்னைக்கு உரம். அதனால் எட்டு மைலும் ஓட்டம். தலையில் பாரம் இருக்கும்போது நடப்பதைவிட, முழங்காலைச் சற்று மடக்கி, கால் தரையை உரசினாற்போல் ஓடுவது லேசு. பாரம் மேலும் கீழும் குதிக்காது, ஆள் மட்டும் அதற்கடியில் போய்க்கொண்டிருப்பாள். கழுத்தும் முதுகும் அசைவதில்லை. எல்லா அதிர்ச்சியையும் முழங்கால் வாங்கிக்கொள்ளும்.

வியாகுலத்தின் வலது முழங்கால் இருபது வருஷமாக வாங்கி வாங்கி, இப்போது காலையில் பானை போல வீங்கிக்கொண்டது. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதன் பிறகு கடவம் யார் தலைக்குப் போகும் என்பதும் தெரியும். அவளுக்கு இருந்தது ஒரே மகள், செசிலி. குன்னுவிளைப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். துறையில் அந்த வயதில் பள்ளிக்கூடம் போன பெண் அவள் மட்டும்தான். அவள் தலையில் சும்மாடு ஏறக்கூடாது என்று வியாகுலம் மாதாவின் முன்னால் மண்டியிட்டுச் சொல்லியிருந்தாள். ஆகவே குமாரதாஸ் வந்து பஸ் என்று சொன்னபோது, அவள் காதில் அது தன் முழங்காலுக்கு வந்த மாற்று முழங்கால் என்றே விழுந்தது.

அவள் கேட்டது ஒரே கேள்வி. வண்டி எங்களுக்க கரை வரைக்கும் வருமா?

வரும் என்றான் குமாரதாஸ். இரண்டாயிரம் பேர் என்று எழுதிக் கொடுத்தால்தான் வண்டியே வரும். ஆனால் மணலைப் பாதையாக்குவது துறைக்காரர்களின் பொறுப்பு.

துறைக்காரர்கள் செய்தார்கள். காய்ந்த மணலில் சக்கரம் ஏன் புதைகிறது என்றால், மணல் கீழே அமுங்குவதில்லை, பக்கவாட்டில் விலகிப் போகிறது. விலகாமல் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். அதற்குத் தேங்காயின் உரிமட்டையை, அங்கே கதம்பை என்பார்கள், வரிசையாகக் கவிழ்த்து அடுக்கினார்கள். அதன் நார் மணலைப் பற்றிக்கொள்ளும், ஈரத்தையும் விடாது. அதன்மேல் சரளைக்கல் கலந்த சரல் மண். வலைக்குப் போகாத நாளிலெல்லாம் ஆண்கள் வெட்டினார்கள், சந்தையிலிருந்து திரும்பிய பெண்கள் அதே கடவத்தில் சரல் சுமந்தார்கள். வியாகுலத்தின் புருஷன் மரியான், ஒரு லாரி ஓடினாலும் தாங்கும் என்று தரையில் குதித்துக் காட்டினான். குன்னுவிளையிலிருந்து குமாரதாஸ் கருப்பட்டிக் காப்பி அனுப்பினான்.

பாதை முடிந்ததும் நாராயணபெருமாள் தன் வண்டியிலேயே வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். குமாரதாஸ் முந்தின நாள் துறைக்கு வந்து, முதலாளி ஆசாரமுள்ள மனுஷன், பெண்கள் கொஞ்சம் விருத்தியாக, சுத்தபத்தமாக வந்து நின்றால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது அவ்வளவுதான். மீதியைத் துறைக்காரர்களே செய்தார்கள்.

ஆனித்துறைக்குப் பெரிய மனிதர் என்று வந்துபோகிறவர் ஆயர் என்ற பிஷப் ஒருவர்தான். ஆயர் வருகிறார் என்றால் கரையில் காயும் கருவாட்டை வாரி உள்ளே கொண்டுபோவார்கள். வலைகளைச் சுருட்டி ஓலைக்கடியில் மறைப்பார்கள். புது மணல் விரிப்பார்கள். கடவங்களையெல்லாம் வீட்டின் பின்புறம் கவிழ்த்து வைப்பார்கள். கடலைவிட்டு உள்ளே தள்ளிய ஊர்களில் மீன் வாடை என்று மூக்கைப் பிடிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. விருந்தாளிக்கு மரியாதை செய்வதென்றால் தங்கள் தொழிலை மறைப்பது என்றே அவர்கள் கற்றிருந்தார்கள். முதலாளிக்கும் அதையே செய்தார்கள். வியாகுலம்தான் வீடு வீடாகப் போய்ச் செய்ய வைத்தாள். பெண்கள் பச்சைப்பயற்றுமாவு தேய்த்துக் குளித்து, கோயிலுக்குக் கட்டும் வெள்ளை வேட்டியும் மேலே போர்த்தும் கவணியும் உடுத்து வந்தார்கள்.

வண்டி புதையாமல் வந்தது. முதலாளி இறங்கினார். வெள்ளையில் நிற்கும் அத்தனை பெரிய கூட்டத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. இளநீர் குடித்துவிட்டு, பொதுவாகக் கேட்டார்.

"எல்லாம் கொள்ளாம். இந்தக் கரையில பிடிக்க மீனு எப்பிடிப் போவுது சந்தைக்கு?"

வியாகுலம் முன்னால் வந்தாள்.

"அது எங்களுக்க தலையில போவும் முதலாளி. உங்களுக்க வண்டியில ஒரு துள்ளி மீன்தண்ணி விழாது."

முதலாளி தலையாட்டினார். குமாரதாஸ் புன்னகை செய்தான்.

அவள் பொய் சொன்னாள் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் எல்லா வாசலும் ஒரே மாதிரித்தான் திறந்தது. சந்தை வாசலில் தீர்வை வசூலிக்கிறவன் முதல் நாள் விரட்டுவான். மறுநாள் இரண்டு அயிலை மீனை இலையில் பொதிந்து கொடுத்தால் முனகுவான். மூன்றாம் நாள் எங்கே காணோம் என்று கேட்பான். சட்டம் என்பது வாசலில் நிற்கும் ஆள். ஆளைப் பழக்கிவிட்டால் சட்டம் பழகிவிடும். வண்டி முதலில் வரட்டும், பிறகு கண்டக்டரைப் பழக்கிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். வாசலில் ஒரு ஆள்தான் நிற்கிறான், பஸ்ஸுக்குள் நாற்பது மூக்கு உட்கார்ந்திருக்கும் என்பதை அவள் யோசிக்கவில்லை. அதுவரை பஸ்ஸில் ஏறியிருந்தால் அல்லவா யோசிப்பதற்கு.

வண்டி ஓடத் தொடங்கிய அன்று ஆனித்துறையில் பங்குச் சாமியார் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். குன்னுவிளையில் தேங்காய் உடைத்தார்கள். மறுநாள் காலை வியாகுலம் கடவத்தோடு வண்டியருகில் நின்றாள். கண்டக்டர் ஜெயசிங் இளகின மனசுக்காரன், நாகர்கோவில் பக்கத்தான். அவள் சேம்பிலையில் பொதிந்த மீனைக் கொடுத்ததும் சிரித்துக்கொண்டே வாங்கி, கடவத்தை வண்டியின் மேல்கூரையில் ஏற்றிக் கட்டினான். எட்டு மைலும் அவள் உட்கார்ந்துகொண்டு போனாள். சந்தையில் இறங்கியபோது, மற்ற பெண்கள் இன்னும் பாதி வழியில்தான் இருப்பார்கள் என்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது. அன்று நல்ல விலை.

வண்டி சமதரையில் போகும்வரை கூரைமேல் உள்ள கடவத்தின் தண்ணீர் கடவத்துக்குள்ளேயே இருக்கும். குன்னுவிளையைத் தாண்டி ஒரு ஏற்றம் இருக்கிறது. அங்கே வண்டியின் முன்பக்கம் தூக்கும், தண்ணீர் பின்பக்கமாக வழியும், கூரை விளிம்பிலிருந்து ஜன்னலுக்குள் சொட்டும். மூன்றாம் நாள் அப்படிச் சொட்டிய இடத்தில் பத்மநாபபுரத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு குமாஸ்தா, சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஜெயசிங் மீன்பொதியை வாங்கவில்லை. "எனக்க சோத்துல மண்ணு விழுந்திரும் அக்கா" என்று மெதுவாகச் சொன்னான்.

ஒழுகுவதுதான் குற்றமென்றால் ஒழுகாமல் செய்துவிடலாம் என்று வியாகுலம் நினைத்தாள். கமுகம்பாளையைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்து, கடவத்துக்குள் இரண்டு அடுக்காகப் பொருத்தி, மடிப்புகளை வள்ளத்துக்குப் பூசும் குங்கிலியத்தால் அடைத்தாள். தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்த்தாள். ஒழுகவில்லை. ஜெயசிங்கும் தூக்கிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, வண்டிக்குள் கடைசி இருக்கையின் அடியில் வைக்கச் சொன்னான்.

வண்டி குன்னுவிளையில் நின்றது. ஏறியவர்களில் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கீழே காத்திருந்தவர்கள் ஏறாமல் படியருகே நின்று சத்தம் போட்டார்கள். கெட்ட நேரத்துக்கு முதலாளியும் அன்று அங்கே வந்திருந்தார். குமாரதாஸின் கடையிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"யாருக்க கடவம் இது?"

"எனக்கதாக்கும் முதலாளி. ஒரு துள்ளி ஒழுகாது. தொட்டுப் பாருங்க."

"தண்ணி ஒழுகல்ல. நாத்தம் ஒழுகுதே."

நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அவர் கோபக்காரர் அல்ல, கணக்குக்காரர். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நான் உனக்க ஊருக்கு வந்து நேருக்கு நேரா கேட்டேன். தலையில போவும்ணு நீதானே சொன்ன? அண்ணைக்கு அந்தக் கரையில ஒரு கடவம் எனக்க கண்ணுல படல்ல. பட்டிருந்தா அண்ணைக்கே பேசித் தீத்திருக்கலாம். பின்னால ஒரு தட்டு அடிச்சு, அதுக்கு ஒரு கூலி வச்சு, என்னமாவது செய்திருக்கலாம். இப்ப பெர்மிட்டு எடுத்தாச்சு. உனக்கு ஒருத்திக்காக இவங்க முப்பது பேரையும் நான் விடமுடியுமா?"

வியாகுலம் குமாரதாஸைத் தேடினாள். அவன் தக்கலைக்குச் சரக்கெடுக்கப் போக, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"கடைக்காரரே, நீங்க சொல்லுங்க. அறுநூறு தலை பத்தாதுண்ணு எங்களுக்க தலைய எண்ண வந்தியளே. இப்ப அதுக்க மேல இருக்கது மட்டும் நாறுதா?"

குமாரதாஸ் வெளியே பார்த்தபடி பதில் சொன்னான்.

"வண்டி ஆளுக்குள்ளதாக்கும் வியாகுலம். ஆளா வா, எனக்க பக்கத்துல இருத்துகேன். யாரு வேண்டாம்ணு சொன்னா?"

"கடவம் இல்லாம நான் தக்கலைக்கு எதுக்குப் போவணும்? ராசாவுக்க கொட்டாரம் பாக்கவா?"

இதற்கும் சிரித்தார்கள். ஜெயசிங் கடவத்தைத் தூக்கி இறக்கி வைத்தான். யாரும் கைகொடுக்காததால் அவனே அவள் தலைக்கும் ஏற்றிவிட்டான். வண்டி கிளம்பிப் போயிற்று. அங்கிருந்து ஆறு மைல், ஏற்றம் வேறு. பாளையும் குங்கிலியமும் சேர்ந்து கடவம் வழக்கத்தைவிடக் கனம். அவள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாளையின் கண் சிவந்துவிட்டிருந்தது. பாதியைக் கொட்டிவிட்டுத் திரும்பினாள். அன்று சாயங்காலம் முழங்கால் மடங்கவில்லை, மறுநாளும் மடங்கவில்லை.

அதன்பின் ஆனித்துறையில் காலை வண்டிக்கு ஆள் ஏறுவது நின்றுபோயிற்று. ஆண்கள் கடலில். பெண்கள் கடவத்தோடு ஓட்டத்தில். வேறு யார் ஏறுவது? ஆயிரத்து நானூறு பேர் உள்ள ஊரிலிருந்து வண்டி காலியாகப் புறப்பட்டு, அறுநூறு பேர் உள்ள ஊரில் நிறைந்தது. குமாரதாஸ் துறைக் கோயிலின் உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பினான். இப்படியே போனால் முதலாளி கரைவரை வருவதை நிறுத்திவிடுவார், வால் இல்லையென்றால் பெர்மிட்டும் போய்விடும், இரண்டு ஊருக்கும் கெடுதல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உபதேசியார், வண்டி நம்முடைய உழைப்பு, முடிந்தவர்கள் ஏறுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மீன் வாணிபத்தில் இரண்டு வேலை இருக்கிறது. சுமப்பது ஒன்று, விற்பது ஒன்று. சுமப்பதற்குக் கால் போதும். விற்பதற்கு முகம் வேண்டும். சந்தையில் இன்ன தூணுக்கடியில் இன்னவள் என்று இருபது வருஷமாக வாங்கிப் பழகியவர்கள், வேறு முகத்தைப் பார்த்தால் அடுத்த கடவத்துக்குப் போய்விடுவார்கள். இடத்தை நான்கு நாள் காலியாக விட்டால் ஐந்தாம் நாள் அங்கே இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள். இதுவரை இரண்டு வேலையையும் ஒருத்தியே செய்துவந்ததால், அவை இரண்டு என்பதே யாருக்கும் தோன்றவில்லை. பஸ் வந்துதான் அதைப் பிரித்துக் காட்டியது. வியாகுலம் வண்டியில் போகலாம், மீன் போகமுடியாது.

மரியான் தான் சுமப்பதாகச் சொன்னான். வலையை இழுக்கிற கை ஒன்று குறைந்தால் பங்கும் குறையும், மீன் வாங்கவே வழியிருக்காது. அதை அவனே யோசித்து, சொன்னதை விட்டுவிட்டான். பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு அவரவர் கடவம் இருந்தது.

செசிலி புத்தகப் பையை உறியில் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நீ வண்டியில வா. நான் கொண்டு வாறேன்."

"பள்ளிக்கூடம்?"

"ஒரு வாரம் போவாட்டா ஒண்ணும் ஆவாது. உனக்க கால் சரியாவட்டும்."

வியாகுலம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். வேண்டாம் என்றால் அடுத்தது என்ன என்று சொல்லவேண்டும்.

"ஒரு வாரம்தான் மக்கா," என்றாள்.

முழங்கால் தேய்ந்தது தேய்ந்ததுதான், வாரத்தில் வளர்கிற பொருள் அல்ல. மழைக்காலம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் செசிலியின் பெயரை வெட்டிவிட்டதாக டீச்சர் ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள்.

காலையில் ஏலம் முடிந்ததும் செசிலி மற்ற பெண்களோடு புறப்பட்டுவிடுவாள். அவர்கள் குன்னுவிளை ஏற்றத்தைத் தாண்டும் சமயத்தில், வெள்ளைக் கவணி போர்த்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வியாகுலத்தோடு வண்டி பின்னால் வரும். ஜெயசிங் அவளைப் பார்த்து இப்போது தாராளமாகச் சிரித்தான். துறையிலிருந்து தவறாமல் ஏறும் ஆள் அவள்தான் என்று முதலாளியிடமும் சொல்லியிருந்தான்.

அந்த வண்டிகளில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழைக்கும் தூசிக்குமாக ஒரு படுதாவைச் சுருட்டி மேலே கட்டியிருப்பார்கள். ஜன்னலோரம் இருக்கிறவர்தான் அதை இறக்கவேண்டும், ஏற்றவேண்டும்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை, வியாகுலத்தின் பக்கத்தில் குன்னுவிளையில் ஏறிய பூங்கனி என்ற பெண் உட்கார்ந்தாள். நல்ல பெண். புருஷன் வீட்டுக்குப் போகிறாளாம், வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். வியாகுலத்தின் கவணி வெளுப்பைப் பார்த்து என்ன சவுக்காரம் போடுகிறீர்கள் என்று கேட்டாள். ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டு மெதுவாகியது. முன்னால் பெண்கள் ஓரமாக ஒதுங்கி வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தான்.

பழகியவர்கள் கடவத்தைப் பிடிப்பதில்லை. இரண்டு கையையும் வீசி ஓடுவார்கள், அந்த வீச்சில்தான் நிதானம் இருக்கிறது. கடைசியாக ஓடியவள் இரண்டு கையாலும் கடவத்தைப் பிடித்திருந்தாள். மீன்தண்ணீர் முழங்கை வழியாக வடிந்து ஜம்பரை நனைத்திருந்தது.

பூங்கனி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் படுதாவ கொஞ்சம் இறக்குங்களேன். மீன்காரிய போறாளுவ."

வண்டி அவளுக்கு நேராக வந்துவிட்டது. செசிலி தலையைத் திருப்பவில்லை, திருப்பினால் பாரம் சாயும். வியாகுலம் எழுந்து முடிச்சை அவிழ்த்தாள். படுதா விரிந்து இறங்கியது. காற்றில் தூக்காதபடி அதன் கீழ்நுனியை இழுத்து ஆணியில் மாட்டினாள்.